காலம் வளர்த்த பிள்ளைகள்



"உன் வயதில் நான் இரண்டு வாளிப் பால் தூக்கினேன், நீ ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்க முணுமுணுக்கிறாயே!" இந்தப் பேச்சைக் கேளாத தோட்டத்து வீடு உண்டா? தாத்தா தம் மகனைப் பார்த்துச் சொன்னார். அந்த மகன் இன்று தம் மகனைப் பார்த்துச் சொல்கிறார். கேட்கும் பிள்ளையோ, "ஆரம்பித்துவிட்டார் பழைய கதையை" என்று கைத்தொலைபேசிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதில் யார் மேலும் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. தாத்தா சொல்வது உண்மை. அவர் தூக்கியதும் உண்மை. ஆனால் அவர் பிள்ளையாக இருந்த காலம் வேறு, பேரன் பிள்ளையாக இருக்கும் காலம் வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அது பிள்ளைகளின் உடம்பையும் மனத்தையும் எவ்வாறு ஆக்கிற்று என்பதையே இன்று பேச எண்ணுகிறோம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் பெரியோர் வாக்கு. ஐந்தில் வளைப்பவர் யார் என்று கேட்டால், தாய், தந்தை, ஆசிரியர் என்று உடனே விடை வரும். நாலாவதாக ஒருவர் இருப்பதை நாம் நினைப்பதில்லை. ரப்பர் விலை இறங்கியது, போர் வந்தது, ஒரு சட்டம் நிறைவேறியது, தோட்டம் கைமாறியது என்று நாம் பெரியவர்களின் சேதியாகப் பேசுகிறோமே, அவை யாவும் தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் தொட்டன.

இதனை ஆராய்ந்து பார்த்த அறிஞர்கள் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கிளென் எல்டர் என்பவர் 1974-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1930-ஆம் ஆண்டுகளில் உலகை உலுக்கிய பொருளாதார மந்தத்தின்போது பிள்ளைகளாக இருந்தவர்களைப் பற்றியது அது. ஓக்லாந்து நகரில் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள் சிறு வயது முதல் பல்லாண்டுகள் கவனிக்கப்பட்டு வந்தார்கள். மந்தம் வந்தபோது அவர்களுக்குப் பத்து வயது கடந்திருந்தது. தகப்பனுக்கு வேலை போன வீடுகளில் பையன்கள் சில்லறை வேலைகளுக்குப் போனார்கள். பெண்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார்கள். "நான் இல்லாவிட்டால் வீடு நடக்காது" என்ற பொறுப்பு அவர்களைச் சீக்கிரமே பெரியவர்களாக்கியது. பின்னாளில் பெரும்பாலோர் தலைநிமிர்ந்தே வாழ்ந்தார்கள். ஆனால் பக்கத்திலுள்ள பெர்க்லி நகரில் 1928, 1929-ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் அதே கஷ்டத்தைப் பச்சைக் குழந்தைகளாகச் சந்தித்தார்கள். வீட்டின் சண்டையும் கவலையும் அவர்கள் மேல், அதிலும் ஆண் பிள்ளைகள் மேல், அதிகமாகப் படிந்துவிட்டன. துன்பம் ஒன்றுதான், அது வந்தபோது பிள்ளைக்கு என்ன வயது என்பதே பெரிய வேற்றுமையை உண்டாக்கிவிட்டது.

அக்கரைச் செய்தி நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் தோட்டங்களின் கதையைப் பார்ப்போம்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். ஆரம்பத்தில் தோட்டங்களில் பிள்ளைகளே அரிது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் காப்பித் தோட்டங்களுக்கும் சஞ்சிக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பகுதி தனி ஆண்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகள் இந்த நாட்டின் முகத்தையே மாற்றின. 1905-க்குப் பின் ரப்பர் விலை ஏறியது; காடுகள் அழிந்தன; கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டினார்கள். 1910-இல் சஞ்சி முறை நீக்கப்பட்டது. கங்காணி தம் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்ததால் குடும்பங்களும் வரத் தொடங்கின. அப்படியும் 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மலாயா இந்தியரில் ஏறத்தாழ இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவுதான். இங்கே பிறந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. 1947-இல் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. பதினாறே ஆண்டில் நம் சமுதாயம் வந்துபோகும் சமுதாயமாக இருந்த நிலை மாறி, பிள்ளை பெற்று வளர்க்கும் சமுதாயமாகிவிட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிப் பயண முறையில் கூலிகளை அனுப்புவதைத் தடுத்ததும் இதற்கு ஒரு காரணம்.

அந்த முதல் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள்? ஒரு மருத்துவரின் கையைக் கேட்டால் தெரியும். மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-இல் கிள்ளானுக்கு வந்தார். கொசுவினால் மலேரியா பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து, கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். பிறகு தோட்டம் தோட்டமாகப் போனார். ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்றறிய அவர் பெரியவர்களைப் பார்க்கவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் இடப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தின் கணக்கு.

சற்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தின் நலத்தை அளக்கும் கருவியாகப் பிள்ளையின் வயிறு இருந்தது! ரப்பருக்காக மலையடிவாரக் காட்டை வெட்டினார்கள். வெயில் படாத ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் அந்த வட்டாரத்து மலேரியாக் கொசு முட்டையிடும். எங்கோ ஏறிய ரப்பர் விலைக்கும் லயத்துப் பிள்ளையின் வீங்கிய வயிற்றுக்கும் இப்படி ஒரு நேர்வழி இருந்தது. சோகை பிடித்த பிள்ளை ஓடி விளையாடாது. விளையாடாத பிள்ளையின் அறிவும் மந்தப்படும். அந்நாளில் சிலர் "கூலிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று எழுதிவைத்தார்கள். கொயினா மருந்தும் வடிகாலும் வந்த பிறகு அதே பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறியதை என்னவென்பது! வெறுங்காலில் நடந்ததால் தொற்றிய கொக்கிப் புழுவும் இந்தச் சோகைக்குத் துணை போயிற்று.

ஒன்றில் மட்டும் நம் தாய்மாரின் பழைய பழக்கம் கை கொடுத்தது. தீட்டிய பச்சரிசியே உண்டவர்களை பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கில் கொன்றபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. படித்த மருத்துவர்கள் காரணம் தேடிக்கொண்டிருந்த வேளையில், பானையில் விடை இருந்தது.

இனி ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் பிரட்டு. தாய் எழுந்து, வரக்கோப்பி போட்டு, சோறு கட்டி, உறங்கும் கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடுவாள். அங்கே வரிசையாகத் தொட்டில்கள். பால்வெட்டுக்குப் போக முடியாத முதிய அம்மா ஒருவர், எத்தனை குழந்தைகள் இருந்தாலும் இரண்டே கைகளோடு பார்த்துக்கொள்வார். தாய் நிரையில் மரம் மரமாக உளியோடு ஓடிக்கொண்டிருப்பாள், மார்பு கனக்கும், மங்குகளில் வடிந்த பாலை எடுத்து ஸ்டோரில் ஊற்றும்வரை தன் பிள்ளைக்குப் பாலூட்ட வழியில்லை. இந்த ஏற்பாட்டை நாம் இழிவாகப் பேசுவதற்கில்லை. பல குழந்தைகள் ஒன்றாகக் கிடந்து, ஒன்றாக அழுது, ஒன்றாகச் சோறுண்டு வளர்ந்தன. ஆயாக் கொட்டகையில் சேர்ந்து வளர்ந்தவர்கள் முதுமை வரைக்கும் "தொட்டில் கூட்டாளி" போல் பழகுவதைப் பார்க்கிறோம். அதே வேளையில், ஆயாவிடம் விடமுடியாத குழந்தையைச் சுமந்தது யார்? வீட்டின் மூத்த பெண். எட்டு வயதுப் பெண்ணின் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி. அந்தப் பெண்ணின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இராது. இருந்தாலும் வருகை இராது.

பள்ளிக்கூடம் என்று சொன்னோம். 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும் 1923-ஆம் ஆண்டின் சட்டமும் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. பள்ளி வயது என்றால் ஏழு முதல் பதினான்கு. சட்டம் நல்லதுதான். ஆனால் பல இடங்களில் பள்ளி என்பது ஓர் அட்டாப்புக் கொட்டகை. ஆசிரியர் என்பவர் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ. காலையில் பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்கவும் புல் வெட்டவும் போய்விட்டு, களைத்த கண்களோடு பிற்பகலில் வந்து உட்காரும். இவ்வளவுக்கும் நடுவில் மணலில் விரல் வைத்து அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தார்களே, அந்த ஆசிரியர்களை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். குறை பள்ளியின் அளவில் நின்றது; படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்த படி எதுவும் வைக்கப்படவில்லை. நான்கு வகுப்புப் படித்த பையனுக்கு முன்னால் மறுபடியும் அதே ரப்பர் மரம்தான் நின்றது. இவ்வாறாக, அந்தத் தலைமுறையில் பிள்ளைப் பருவம் மிகவும் குறுகியது. தொட்டிலுக்கும் உளிக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்.

1930-ஐ ஒட்டிய மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, 1932-இல் ஓர் இராத்தல் ஐந்து காசு அளவுக்கு வந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். இங்கேயே பிறந்து, ஊர் என்றால் பெயரளவில் மட்டும் தெரிந்த பிள்ளைகள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கி, "இதுதான் உன் ஊர்" என்று சொல்லக் கேட்டார்கள். விலை ஏறியதும் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இப்படி அங்குமிங்கும் இழுபட்ட பிள்ளைக்குச் சொந்த மண் என்பது எது?

அடுத்து வந்தது ஜப்பான் காலம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார்கள் ஓடிவிட்டனர். ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. ஆக, பால்வெட்டு நின்றது; சம்பளமும் நின்றது; அரிசிக் கப்பலும் நின்றது.

அன்றைய ஒரு லயத்து வீட்டை மனத்தில் வரைந்து பார்ப்போம். பெயர் வேண்டா, அப்படிப்பட்ட வீடு தோட்டந்தோறும் இருந்தது. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு வயது பதின்மூன்று. நடுவில் ஆறு வயதுப் பையன். கடைசியாக மார்பில் பால் குடிக்கும் குழந்தை. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் திரட்டினார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி முதலில் கூப்பிட்டார்கள். பிறகு லாரியில் வளைத்துப் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரவர் மாண்டனர். நம் லயத்து வீட்டின் தகப்பனும் போனார்; திரும்பவில்லை.

மூத்த பெண் அன்று முதல் இரண்டாம் தாயானாள். பால் மரத்துக்கு இடையில் மரவள்ளி நட்டாள். கிழங்கைச் சீவிக் காயவைத்து மாவாக்கினாள். சாக்கைத் தைத்து உடுத்தினாள். அவள் பட்ட பாடு சொல்லத் தரமன்று. ஆனாலும் அவளுக்குத் தகப்பனின் முகம் நினைவிருந்தது. போருக்கு முந்திய தீபாவளி நினைவிருந்தது. இது ஒரு காலம், இது போகும் என்று எண்ணிக்கொள்ள அவளிடம் ஒரு பழைய காலம் இருந்தது. தன் கையால் வீடு பிழைக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அத்தகைய பெண்கள் சிலருக்கு வேறொரு வாசலும் திறந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து, ஜான்சி ராணிப் படையை அமைத்தார். தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். ஏட்டையா அதட்டினால் தலைகுனியும் லயத்திலிருந்து போன பெண், துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தாள். சிறுவர்க்கு பாலசேனை இருந்தது. அரசியலில் அந்தப் படை வென்றதா தோற்றதா என்ற வாதம் ஒருபுறம் கிடக்கட்டும். "என்னாலும் முடியும்" என்ற எண்ணம் ஒருமுறை மனத்தில் ஏறிவிட்டால் அது இறங்குவதில்லை. போருக்குப் பின் தொழிற்சங்கக் கொடியைத் தோட்டங்களில் ஏற்றியவர்களுள் இந்தத் தலைமுறையினர் நிரம்ப உண்டு.

ஆறு வயதுப் பையன் கதை வேறு. தகப்பனை ஏற்றிக்கொண்டு போன லாரி அவன் நினைவில் பதிந்தது, காரணம் பதியவில்லை. விளக்கிச் சொல்ல யாருக்கு நேரம் இருந்தது? பள்ளி மூடிக் கிடந்தது. திறந்த இடத்தில் ஜப்பானிய மொழி. 1945-இல் போர் முடிந்தபோது அவனுக்கு ஒன்பது பத்து வயது. ஓர் எழுத்தும் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டான், உளியை எடுத்தான். அவன் தலைமுறையில் எழுத்தறியாதவர் பலராக இருந்ததற்குச் சோம்பலோ அறிவுக்குறைவோ காரணம் என்று யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வளர்ந்தபின் அவர்களில் பலர் அதிகம் பேசாத தகப்பன்மார்களானார்கள். வீட்டில் அரிசி மூட்டை நிறைந்திருந்தாலும் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் கோபிப்பார்கள். "அப்பா ஏன் சோற்றுக்காக இப்படிச் சத்தம் போடுகிறார்?" என்று பிள்ளைகள் விழித்தார்கள். அப்பா கோபித்தது அந்தத் தட்டைப் பார்த்து மட்டுமா?

மூன்றாவது குழந்தை மரவள்ளிக் கஞ்சியில் பிழைத்தது. பிழைக்காமல் போன குழந்தைகளும் உண்டு. பிழைத்ததற்கு அந்தக் காலம் நினைவில் ஒன்றுமில்லை, உடம்பில் இருந்தது. தாயின் மார்பு வற்றிய நேரத்தில், வளரவேண்டிய வயதில் வளராத எலும்பைப் பின்னால் வந்த சோறு முழுவதும் ஈடு செய்வதில்லை.

ஒரே கூரை, ஒரே தாய், ஒரே போர். இருந்தும் மூவரும் மூன்று விதமாக ஆனார்கள். ஓக்லாந்துப் பிள்ளைகளையும் பெர்க்லிப் பிள்ளைகளையும் பற்றி எல்டர் கண்டதை நம் லயத்தில் ஒரே வீட்டுக்குள் பார்க்கலாம்.

1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை அவசர காலம். தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். ஊரடங்கு, அரிசிக்கு அளவு, வேலைக்குப் போகும்போது வாயிலில் சோதனை. வெளிக்காட்டில் ஓடித் திரிந்த பிள்ளைகள் வேலிக்குள் விளையாடினார்கள். இதிலும் ஒரு விந்தை உண்டு: சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதால் சில தோட்டங்களில் பள்ளிக்குப் பிள்ளைகள் கூடினர், நெருக்கமான இடத்துக்கு மின்விளக்கும் முன்னதாக வந்தது. வேலியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. காலம் ஒரு கையால் அடிக்கும்போது இன்னொரு கையில் எதையாவது வைத்துக்கொண்டிருக்கும் போலும்.

1957 ஆகஸ்ட் 31-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை தோட்டத்துச் சிறு பள்ளிகள். 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதையொட்டி வந்த 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அவற்றைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. ஆனால் பிள்ளைப் பருவத்தை உண்மையில் நீட்டியது 1965-இல் வந்த மாற்றம்தான் என்பது நம் எண்ணம். அதுவரை ஆறாம் வகுப்பு முடித்து நுழைவுத் தேர்வில் தேறியவர்களே இடைநிலைப் பள்ளிக்குப் போக முடிந்தது. 1965 முதல் எல்லாரும் மேலும் மூன்றாண்டு படிக்கலாம் என்றாயிற்று. அடுத்த ஆண்டே, 1966-இல், பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. பன்னிரண்டில் உளி பிடிக்கவேண்டிய கை பதினைந்து வரை எழுதுகோல் பிடித்தது. மூன்று ஆண்டு என்பது பெரியவர்க்கு ஒன்றுமில்லை; வளரும் பிள்ளைக்கு அது ஒரு வாழ்வு. தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை மலாய் அல்லது ஆங்கில வகுப்புக்குப் பழக ஓராண்டு 'ரிமூவ்' வகுப்பில் உட்கார்ந்தது. தோட்டத்திலிருந்து லாரியிலோ சைக்கிளிலோ போய், டவுன் பிள்ளைகள் நடுவில், புரியாத மொழியில் முதல்நாள் உட்கார்ந்த அந்த நெஞ்சத் துடிப்பை இதைப் படிக்கும் பல பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். சிலர் அந்த ஆண்டைத் தாண்டினார்கள். பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இதே காலத்தில் தோட்டத் துண்டாடல் புயலாக வீசியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். வேலையோடு வீடும் போயிற்று. வீட்டோடு பள்ளியும் போயிற்று. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் சேமிக்கச் செய்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கூலியாக நின்ற தகப்பன் தோட்டத்தில் ஒரு பங்குக்கு உரியவன் என்று பங்குப் பத்திரத்தை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் நடையே வேறு. எனினும் எல்லாத் தோட்டத்தையும் சங்கம் வாங்கிவிட முடியுமா? குடியுரிமை இல்லாதவர்கள் 1969-ஐ ஒட்டி வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டி வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். இங்கே பிறந்தும் பிறப்புப் பத்திரம் எடுக்காத குறைக்காகச் சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற பிள்ளைகள் அடைந்த இழப்பு சிறிதன்று. ஒரு காகிதம் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் மறித்தது. இன்றைக்கும் எங்கேனும் பிறப்புப் பதிவில் சுணக்கம் காட்டும் வீடு இருந்தால், தயவுசெய்து நாளையே போய்ப் பதியுங்கள்.

1980-களுக்குப் பின் நடந்தது நம் கண்ணெதிரே நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடத்தில் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் வந்தன. 1995-இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயா நகரே பிராங் புசார், செஜ்லி, மேடிங்லி, காலவே ஆகிய தோட்டங்களின் நிலத்தில் எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அப்படிப் போன குடும்பங்கள் நாடெங்கும் எத்தனை!

அடுக்குமாடிக்குப் போன பிள்ளைக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று? குழாய்த் தண்ணீர் கிடைத்தது, பக்கத்தில் இடைநிலைப் பள்ளி கிடைத்தது, மருத்துவமனை கிடைத்தது. தாய் தொழிற்சாலைக்குப் போய்த் தன் பெயரில் சம்பளம் வாங்கினாள். இவை யாவும் பெரும் பேறுகள். பழைய லயத்தின் கூரையொழுக்கை மறந்துவிட்டு அதனைச் சொர்க்கம் என்று பாடுவோருடன் நாம் சேர்வதற்கில்லை. போனது வேறு வகை. லயத்தில் ஒரு பிள்ளை தப்புச் செய்தால் பத்து வீட்டுக்கு அப்பால் இருக்கும் அத்தை அதட்டுவாள். பசித்தால் அவளே சோறும் போடுவாள். மாடியில் கதவு மூடியிருந்தது. பெற்றோர் இருவரும் மாற்று நேர வேலையில் இருந்தனர். ஆயாக் கொட்டகை இல்லை. கோயில் திடல் இல்லை. கண்டிக்கும் கங்காணித் தாத்தாவும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளிவிட்டு வந்த பதின்மூன்று வயதுப் பையன் மாடிப்படியில் யாரோடு உட்கார்ந்தான் என்று பார்க்க ஒரு கண் இல்லை. பின்னர் அவன் குண்டர் கும்பலில் சேர்ந்தான் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்றோம். அந்தக் காலத்தை அவன் உண்டாக்கவில்லையே! இங்கும் வயது வேலை செய்தது. ஐந்து வயதில் இடம் மாறிய தங்கை புதிய பள்ளியிலேயே தொடங்கி அந்த இடத்துப் பிள்ளையாகவே வளர்ந்தாள். தோழர்களையும் திடலையும் பந்தையும் விட்டுவிட்டுப் பதின்மூன்றில் வந்த அண்ணன்தான் வேரறுந்து நின்றான். ஜப்பான் காலத்தில் தாங்கி நின்றவள் பதின்மூன்று வயதுக்காரி. இம்முறை தடுமாறியவன் பதின்மூன்று வயதுக்காரன். அவளுக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. அவன் வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று 530-க்குச் சற்று முன்பின். குறைந்தவற்றில் பல தோட்டத்தோடு போனவை. ஆனால் தோட்டம் போனபின் உரிமத்தை டவுனுக்கு மாற்றி, அடுக்குமாடிகளுக்கு அருகே எழுப்பிய பள்ளிகள் சில பழையவற்றைவிடப் பெரியவையாய் வளர்ந்துள்ளன. 2003 முதல் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமாகவும் ஆகிவிட்டது. மூத்த பெண்ணின் பெயர் பதிவேட்டில் இல்லாத நிலை, காகிதத்தளவிலேனும் முடிந்தது.

ஆகவே அடுத்த முறை வீட்டில் அந்தப் பேச்சு எழும்போது, பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கலாம். "தாத்தா, ஜப்பான்காரன் வந்தபோது உங்களுக்கு எத்தனை வயது?" என்றோ, "அப்பா, தோட்டத்தை விட்டு வந்தபோது நீங்கள் எத்தனாம் வகுப்பு?" என்றோ கேட்டுப் பாருங்கள். வயதைச் சொல்லத் தொடங்கியவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. லாரி வரும், மரவள்ளி வரும், முள்வேலி வரும், முதல்நாள் வகுப்பறை வரும். இடையில் பேச்சு நின்றால் அவசரப்படுத்த வேண்டா. 1942-இல் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. அன்று நிரையில் மரவள்ளி நட்ட அக்காமாரில் நம்மோடு இருப்பவர்கள் மிகச் சிலரே.